பூச்சுக்கு முன்

பழைய மின் வயரிங் முழுவதையும் பிடுங்கியாகிவிட்டது. சுவரெங்கும் காடி. வியாழக்கிழமை பூச்சு வேலை ஆரம்பம். நெட் கேபிளுக்கு வேண்டிய பைப் எல்லாம் அதற்குள் சுவருக்குள் போயாக வேண்டும்.

*

தாத்தா கட்டிய வீடு, எல்லாம் 9 அங்குலச் செங்கல் சுவர். ரூட்டர் வாசல் அறையில். அம்மா இருப்பது பின்கட்டில். நடுவே மூன்று சுவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை அலை எப்படியோ வந்து சேர்கிறது, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரோடு சரி. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தால், முட்டி வலியோடு அம்மா கூடத்துக்கு நடந்து வருகிறார். இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

*

ரிப்பீட்டர் வாங்கி மாட்டினால் போதுமே என்றார் தம்பி. இரண்டு வருஷம் மாட்டிப் பார்த்தோம். வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பின்கட்டுக்குக் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைப்பதே சரி. மாடிக்கும் ஒன்று, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி அலை ஒழுங்காகப் போவதில்லை. இரண்டையும் சீலிங்கில் பொருத்தலாம். பி.ஓ.இ. சுவிட்ச் இருந்தால் கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும், பக்கத்தில் பிளக் வேண்டாம்.

*

கேட் 6 கேபிள் எடுக்கிறேன். 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட், 55 மீட்டருக்குள் 10 கிகாபிட் தாங்கும். எங்கள் வீட்டின் நீளமே 30 மீட்டர்தான்.

கடையில் முதலில் காட்டிய சுருள் கையில் லேசாக இருந்தது. முனையைக் கத்தியால் சுரண்டினேன், உள்ளே வெள்ளையாக மின்னியது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! மின்சாரமும் சேர்ந்து போகிற கேபிளில் இது சூடாகும், முறுக்கினால் ஒடியும். சுவருக்குள் புதைக்கிற பொருளில் காசை மிச்சம் பிடிப்பது பெரிய தப்பு. முழுச் செம்புதான் வாங்கினேன்.

*

மேஸ்திரி கேட்டார்: “கரண்டு பைப்பிலேயே இதையும் விட்டுரலாமே சார்?” கூடாது. 230 வோல்ட் வயரும் இதுவும் ஒரே பைப்பில் போகவே கூடாது. ஒன்றுக்கொன்று இணையாகப் போனால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே தாண்டினால் செங்குத்தாக. சொன்னதும் புரிந்துகொண்டார்.

*

பைப் 25 மி.மீ. எல்போ வேண்டாம், வளைவான பெண்ட் போடச் சொன்னேன். ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு சும்மா கிடக்கட்டும். பத்து வருஷம் கழித்து வேறு கேபிள் வந்தால் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம். கேபிளைவிடப் பைப்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

*

டி.வி., மேஜைக் கம்ப்யூட்டர், வாசல் கேமரா: இடம் மாறாதவை எல்லாம் கேபிளில். வை-ஃபை கைபேசிகளுக்கு மட்டும்.

*

புதன். டெஸ்டர் வைத்துப் பார்த்தோம். மாடிக் கேபிளில் ஏழாம் விளக்கு எரியவில்லை. கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும். இந்த ஏழாவது விட்டால் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தோம், எரிந்தது.

*

வீட்டில் வேலை நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூசுவதற்கு முதல் நாள், அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் காட்டும்.