தலைக்கு ஒரு பாட்டில்

தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்தால் மீன் தொட்டிக்கு இடமேது? ஃபைட்டர் மீனுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். காற்று மோட்டார் வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து குளோரினைப் போக்கினால் சரி.

குஞ்சு பொரிக்க வைப்பதுதான் சுவாரஸ்யம். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். பெண் இடும் முட்டைகள் கீழே விழ விழ, வாயால் கவ்விக் கூட்டில் சேர்க்கும். முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடித்தே கொன்றுவிடும். (தகப்பன்தான் காவல், என்ன செய்ய!) குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அவனையும் எடுத்துவிடுவது நல்லது.

தலைவலி சில மாதம் கழித்து. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கிழிக்கும். ஐம்பது ஆண் தேறினால் ஐம்பது பாட்டில். அத்தனைக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதோ சில மணி நேரம். குடிக்க, சமைக்க, துவைக்கப் பிடித்தது போக மீனுக்கு எத்தனை குடம் என்பதில்தான் வீட்டில் சண்டை.