ஒரு மூச்சு, ஒரு சுற்று

மார்ச் 2, ஞாயிறு

மறுபடியும் பனி. மில்வாக்கிக் குளிர் விரல் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. 22-ஆம் தேதி லேக் ஜெனிவாவில், கேரி கான் விளையாட்டு மாநாட்டில், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கு நான் எழுதும் சப்ளிமென்ட் (துணை விதிநூல்) மேசைக்குப் போகிறது. முத்துக்குளிப்பு. பாதிதான் எழுதியிருக்கிறேன். சுறா அட்டவணையைத் தொடவே இல்லை. பயம். சந்தோஷமும்.

மார்ச் 4, செவ்வாய்

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் இறந்த நாள். 2008. ராத்திரி 'கிரேஹாக்' சப்ளிமென்ட்டை எடுத்துப் புரட்டினேன். 1974-இல் வந்த முதல் விளையாட்டுப் பெட்டியில் குறுவாளோ கோடரியோ, எல்லாவற்றுக்கும் அதே ஆறு பக்க டைஸ். திருடன் என்ற பாத்திரமே கிடையாது. மறு வருஷம் இந்த மெல்லிய புத்தகம். திருடன் வந்தான். குறுவாளுக்கு நாலு பக்கம், வாளுக்கு எட்டு. ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு குணம் வந்துவிட்டது. அதே 1975-இல், கைகாக்ஸோடு சேர்ந்து விளையாட்டை உருவாக்கிய ஆர்னசனின் 'பிளாக்மூர்'. கடலுக்கடியில் ஆட விதிகள், கடல் பூதங்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியவன் தோணியில் நிற்கிறான். குளிகாரருக்குக் கயிறு பிடிக்கிறவன்.

மார்ச் 5, புதன்

அம்மாவுக்குப் போன். தூத்துக்குடியில் இப்பவே வெயில் கொளுத்துகிறதாம். முத்துக்குளித்த தாத்தாவுக்குக் கயிறு பிடித்தது யார் என்று கேட்டேன்.

"உங்க பாட்டி தம்பிதான். வேற யாரு பிடிப்பா? மச்சான்தான் பிடிக்கணும். அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்கு."

எழுதிக்கொண்டேன். 1961 முத்துச் சலாபத்துக்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே இல்லை. அம்மா குரலில் அதைப் பற்றி வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான்.

மார்ச் 8, சனி

வீட்டில் ஆடிப் பார்த்தோம். சரிப்படவில்லை. இப்போதைய விதியில் ஒரு சுற்று ஆறு வினாடி. குளிக்கிறவள் ஒரு நிமிஷம் கீழே இருந்தால் பத்துச் சுற்று. நீந்தினாள், தேடினாள், சண்டை போட்டாள். கயிறு பிடித்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. அவரைச் சொல்லி என்ன, செய்வதற்கு அவருக்கு ஒன்றுமில்லை.

தோள்பட்டை வலி. சுறா அட்டவணை அப்படியே.

மார்ச் 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது! பழைய விதியில் சண்டைச் சுற்று ஒரு நிமிஷம். குளிகாரர் மூச்சும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு மூச்சு, ஒரு சுற்று. இறங்குவது, சிப்பி அள்ளுவது, எழும்புவது, எல்லாம் அதற்குள். பழைய விதிக்கே போகிறேன்.

குளியலறையில் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். காதுக்குள் இரத்தம் அடிக்கும் சத்தம். நாற்பது வினாடிக்கு மேல் முடியவில்லை. தாத்தா காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். தூக்கம் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

கடல்கட்டி. சுறா வாயைக் கட்டுகிற மந்திரக்காரர். மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார்: வியாபாரிகள் இருபதில் ஒரு பங்கைக் கொடுத்து அவர்களை வைத்துக்கொள்கிறார்கள், மந்திரம் பகலுக்கு மட்டும், ராத்திரி திருட்டுத்தனமாக யாரும் குளிக்காமல் இருக்கச் சாயங்காலம் அவிழ்த்துவிடுகிறார்கள். இதில் நான் சேர்க்க என்ன இருக்கிறது? விதியாகவே இருக்கிறது.

எங்கள் குழுவில் கிளெரிக்காக (மதகுருவாக) ஆடுகிறவரிடம் சொன்னேன். "அதுவும் ஒரு கிளெரிக்தானே" என்றார். இல்லை! கிளெரிக் காப்பாற்றுகிறவர். கடல்கட்டி தினமும் அந்தியில் தன் கையாலேயே காவலை எடுத்துவிட வேண்டும். ராத்திரி வரை எரிச்சல் அடங்கவில்லை.

மார்ச் 15, சனி

மறுபடியும் ஆடினோம். மந்திரவாதியாக ஆடியவர் தண்ணீரில் மூச்சுவிடும் ஸ்பெல் கேட்டார். அது மூன்றாம் நிலை ஸ்பெல். போட்டுவிட்டால் கயிறும் வேண்டாம், ஆளும் வேண்டாம். தடை போட மனசில்லை. எல்லோரையும் முதல் லெவலில் வைத்துவிட்டேன். அந்த ஸ்பெல் வெகுதூரத்தில் இருக்கும். கையில் ஒரு மூச்சும் ஒரு கயிறும் மட்டும்.

இனிமேல் நிஜக் கயிறும் மேசைக்கு வரும். கீழே இருக்கிறவர் பேசக்கூடாது. இழுக்க மட்டும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

தொண்டை கரகரப்பு. இப்போதா வர வேண்டும். மிளகு ரசம். சுறா அட்டவணை எழுதி முடித்தேன். பிடிக்கவில்லை. கிழித்தேன். பகலில் சுறா வராது, அந்திக்குப் பிறகு வரும். அட்டவணை எதற்கு?

அம்மா கேட்டாள், "விளையாட்டுக்கா இவ்வளவு?" ஆமாம்மா. இதற்குத்தான்.

மார்ச் 22, சனி

நடந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுதிவிடுகிறேன்.

குளிக்க ஒரு பள்ளிக்கூடப் பெண். கயிறு பிடிக்க நரைத்த தாடிப் பெரியவர். இருவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. பாத்திர ஷீட்டில் உறவு எழுதச் சொன்னேன். அவர் 'தங்கை' என்று எழுதினார். கடல்கட்டியாக ஒரு நர்ஸ்.

சூரியன் இறங்குகிறது என்றேன். இன்னும் ஒரு மூச்சு என்று அவள் இறங்கினாள். நர்ஸ் என்னையே பார்த்தார். "அவிழ்க்கிறேன்" என்றார், மெல்லிய குரலில். அவிழ்த்தேயாக வேண்டும் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

கயிறு அசையவில்லை. பெரியவர் அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். விரல் நுனி வெளுத்துவிட்டது. முன்கூட்டி இழுத்தால் சிப்பி போகும், தாமதித்தால் அவள் போவாள். உதவிக்கு நான் வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அவர் இழுத்துவிட்டார், அவள் இழுக்கும் முன்பே.

சிப்பி அத்தனையும் போயிற்று. அவளுக்குக் கோபம், கண்ணில் தண்ணீர். "நான் பார்த்துக்கிட்டிருப்பேன்." அவர், "தெரியும். என்னாலதான் முடியலை."

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: நாளைக் காலையும் இவர்தான் பிடிப்பாரா?

மார்ச் 23, ஞாயிறு

குரல் போய்விட்டது. உடம்பெல்லாம் வலி. பசியும் பயங்கரப் பசி.

திருடனைச் சேர்த்தபோது ஒரு ஆள் கூடினான். ஒரு ஆளுக்கு இன்னொரு ஆள் இல்லாமல் முடியாது என்பதை நான் சேர்த்திருக்கிறேன். புத்தகம் தடிக்க வேண்டாம். புதிய ஸ்பெல், புதிய வாள், எதுவும் வேண்டாம். முதல் பக்கத்தில் கயிறு பிடிக்கிறவர், அப்புறம்தான் குளிகாரர். வரிசையை மாற்ற வேண்டும். அச்சுக்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும். பாட்டி தம்பி பெயரையும் கேட்க வேண்டும்.