ஒரு ஞாயிறு, ஓர் ஊர்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழாமற் போவதில்லை. சேலத்திலிருந்தோ தஞ்சையிலிருந்தோ தாத்தாவும் பாட்டியும் வந்திருப்பர். அத்தை மக்களும் உடன் வந்திருப்பர். அரண்மனையும் சாமுண்டி மலையும் மிருகக்காட்சிச் சாலையும் முதல் இரண்டு நாட்களிலேயே முடிந்துவிடும். வீட்டுத் தலைவருக்கு விடுப்புக் கிடையாது. எஞ்சி நிற்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில் எந்த ஊருக்குப் போவது?

இது நமக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. இத்தாலி நாட்டிலே புளோரன்ஸ் நகரில் தங்கும் பயணியரும் நாளைக்குச் சியேனாவா, பீசாவா, லூக்காவா என்று இரவெல்லாம் வாதிடுவார்களாம். பழம்பெருமை மிக்க ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் நாட்டில் குடியிருப்போர்க்கு இத்தகைய செல்வத் துன்பம் இயல்பே. மைசூரைச் சுற்றிலும் பாருங்கள்: ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம், 35 கிலோமீட்டரில் சோமநாதபுரம், 50 கிலோமீட்டர் அளவில் தென்கிழக்கே தலக்காடும் வடக்கே மேல்கோட்டையும், 85 கிலோமீட்டரில் சிரவணபெளகொளா.

நம்மவர் பலரும் இதற்குக் காணும் வழி, மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது. வாடகை வண்டிக்காரரும் அதையே விரும்புவார். காலையில் ஒரு கோட்டை, நண்பகலில் ஒரு கோயில், மாலையில் ஒரு மணல்மேடு. இரவு வீடு திரும்பும்போது குழந்தைகள் உறங்கிப் போயிருப்பர். பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கும். எந்தத் தூணை எந்த ஊரில் கண்டோம் என்பது எவருக்கும் நினைவிராது. ஆதலின் ஒரு நாளுக்கு ஓர் ஊரே போதும் என்பது நம் துணிபு. எந்த ஊர் என்பதே இனி ஆராயத் தக்கது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை நாம் இந்தப் போட்டியிலிருந்து விலக்கிவிடலாம். பெருமை குறைந்தது என்பதால் அன்று, அண்மையில் இருப்பதால். அரை நாள் கிடைத்தாலே போய் வரலாம். அவ்வாறு போகிறவர்கள் 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தை மட்டும் விரைந்து கடந்துவிட வேண்டா. அதில் தீட்டப்பட்டிருக்கும் 1780-ஆம் ஆண்டுப் போர் நிகழ்ந்த பொள்ளிலூர், நம் காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூராகும்.

சோமநாதபுரம் அப்படி எளிதில் விலக்கத்தக்கதன்று. போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனிடம் தண்டநாயகனாக இருந்த சோமநாதன் 1258-இல் எடுப்பித்த கேசவர் கோயில் அது. மூன்று கருவறைகள், விண்மீன் வடிவிலமைந்த மேடை, அதன்மேல் யானை வரிசை, குதிரை வரிசை, கொடிக்கருக்கு, இராமாயண பாரதக் கதைகள் என்று அடுக்கடுக்காகச் செல்லும் சிற்பப் பட்டைகள். வெட்டும்போது மென்மையாகவும் காலப்போக்கில் வன்மையாகவும் ஆகும் மாக்கல்லில், பொன்வேலை செய்வது போலச் செதுக்கியிருக்கிறார்கள். சிற்பிகள் தம் பெயரையும் சிலைகளின் கீழே பொறித்துள்ளனர். மல்லிதம்மன் என்ற பெயரை அங்குப் பல இடங்களில் காணலாம். நம் நாட்டுப் பெருங்கோயில்களை எழுப்பிய சிற்பியருள் எத்தனை பேர் பெயரை நாம் அறிவோம்? 2023-இல் பேளூர், ஹளேபீடு கோயில்களோடு இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. சித்திரம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் இங்கே செல்க. ஆனால் இக்கோயிலில் வழிபாடு நிகழ்வதில்லை. ஊரிலிருந்து வந்த பாட்டி அர்ச்சனைத் தட்டோடு புறப்பட்டு, விளக்கும் தீர்த்தமும் இல்லாத கருவறை முன் திகைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதை முன்னதாகவே சொல்லி அழைத்துச் செல்வது நலம்.

சிரவணபெளகொளாவில் 58 அடி உயர்ந்து நிற்கும் கோமடேசுவரரைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கங்க மன்னரின் அமைச்சரான சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்த உருவம் அது. இந்தச் செய்தியை அத்திருவுருவின் அடியிலே கன்னடம், மராத்தி மொழிகளோடு தமிழிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்பது நம்மவருட் பலர் அறியாதது. ஆயினும் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளைக் காலணி இன்றி ஏறவேண்டும். பத்து மணிக்குமேல் பாறை சுடும். முதியோர் இல்லாத நாளில், விடியுமுன் புறப்படக் கூடியவர்கள் போகவேண்டிய இடம் அது.

எஞ்சியவை தலக்காடும் மேல்கோட்டையும். உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையிலேதான்.

தலக்காடு என்றதும் தமிழர் நெஞ்சு சற்றே நிமிரும். கங்கரின் தலைநகராயிருந்த அவ்வூரை 1004-ஆம் ஆண்டையொட்டிச் சோழர் கைப்பற்றினர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனின் பெயரால் அவ்வூர் இராசராசபுரம் ஆயிற்று. காவிரி பிறக்கும் நாட்டிலே சோழன் பெயரில் ஓர் ஊர்! பிள்ளைகளிடம் சொல்வதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயர் எத்தனை நாள் நின்றது? ஏறத்தாழ 110 ஆண்டுகளே. 1117-ஐ ஒட்டிப் போசள விட்டுணுவர்த்தனன் சோழரை வெளியேற்றி, தலக்காடு கொண்டவன் என்று பட்டம் சூடி, வெற்றியின் அடையாளமாகக் கீர்த்தி நாராயணர் கோயிலை எழுப்பினான். பின்னர் ஊரையே மணல் மூடியது. விசயநகரப் பேரரசின் பிரதிநிதியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவரின் மனைவி அலமேலம்மா, மைசூர் மன்னரின் ஆட்கள் தம் நகைகளைக் கேட்டுத் துரத்தியபோது, தலக்காடு மணலாகுக என்று சபித்துக் காவிரியில் பாய்ந்ததாகக் கதை. ஆற்றின் மணல்திட்டுகளைக் காற்று வாரிக் குவித்ததே காரணம் என்பர் ஆராய்ச்சியாளர். எவ்வாறாயினும், மணலுக்குள் இறங்கிக் கோயிலைக் காண்பது பிள்ளைகளுக்கு மறக்க இயலாத காட்சி. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அங்குள்ள ஆற்றில் சுழல்களும் பள்ளங்களும் உண்டு. கணுக்கால் அளவு நீருக்கு அப்பால் பிள்ளைகளை விடவே கூடாது.

மேல்கோட்டையின் வரலாறும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தொடங்குகிறது. சோழ மன்னன் ஒருவனின் சினத்துக்குத் தப்பித் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட இராமாநுசர், போசள நாட்டுக்கு வந்து விட்டுணுவர்த்தனனின் ஆதரவில் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார் என்பது வைணவ மரபு. (சைவ வைணவப் பூசலில் நாம் தலையிட வரவில்லை, மரபு அவ்வாறு கூறுகிறது, அவ்வளவே.) இதில் உள்ள வியப்பை நோக்குங்கள். தமிழ் நாட்டுப் படையைத் தலக்காட்டிலிருந்து துரத்திய அதே அரசனே தமிழ் நாட்டுத் துறவிக்கு இடம் கொடுத்தான் என்கிறார்கள்.

படையெடுத்து வந்த தமிழ் மணலுக்குள் போயிற்று. அடைக்கலம் தேடி வந்த தமிழ் மேல்கோட்டையில் இன்றும் ஒலிக்கிறது. செல்வநாராயணர் சந்நிதியில் ஆழ்வார்களின் பாசுரங்கள் தமிழிலேயே ஓதப்படுகின்றன. ஓதுவோர் வீட்டில் பேசும் தமிழ், நம் காதுக்குச் சற்றே விந்தையாக இருக்கும். கன்னடச் சொற்கள் கலந்து, ஓசையும் மாறி நிற்கும். நகைக்க வேண்டா. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வேற்று மொழிச் சூழலில் வைத்துக் காக்கப்பட்ட தமிழ் அது. நம் பிள்ளைகளின் தமிழ் இருபது ஆண்டுகளில் எந்நிலையில் இருக்கும் என்று நாம் அஞ்சிக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

அவர்கள் கன்னடத்தையும் புறக்கணிக்கவில்லை. 1905-இல் இவ்வூரில் தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் பிறந்த பு. தி. நரசிம்மாசாரியார் கன்னடத்தின் பெருங்கவிஞருள் ஒருவராக விளங்கினார். அவர் வாழ்ந்த வீடு இவ்வூரில் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. பள்ளியில் கன்னடம் முதல் மொழியாகப் படிக்கும் நம் பிள்ளைகளை அங்கே ஒரு கால் மணி நேரமாவது நிறுத்திக் காட்ட வேண்டும்.

இராமாநுசர் திருவரங்கம் திரும்பிய வேளையில், பிரிவாற்றாத சீடர்கள் அவர் உருவையாவது எங்களுக்குத் தாரும் என்று கேட்க, அவ்வாறு அமைந்ததே இங்குள்ள திருவுருவம் என்பர். தமர் உகந்த திருமேனி என்பது அதன் பெயர். அவர் ஊர் திரும்பினார். அவரோடு வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. நம் தாத்தா சேலத்துக்கு வண்டி ஏறும்போது மைசூர் நிலையத்தில் நிற்கும் நமக்கு இந்தக் கதையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நம் வாக்கு மேல்கோட்டைக்கே. வேற்றுச் சமய அன்பர்களும் தயங்க வேண்டா. செல்வப்பிள்ளையின் மேல் அன்பு கொண்டு தில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தான் மகளுக்கும் இக்கோயிலில் இடம் உண்டு என்பது இவ்வூர்க் கதை. கல்யாணித் தெப்பக்குளத்தின் படிகளும் மண்டபங்களும், முற்றுப்பெறாமல் வானை நோக்கி நிற்கும் இராயகோபுரத் தூண்களும் எவர் கண்ணுக்கும் விருந்தே. கோயில் என்றாலே முகம் சுளிக்கும் இளைஞரிடம், 1991-இல் வந்த 'தளபதி' படத்தில் இவ்வூர் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். உடனே வண்டியில் ஏறிவிடுவர்.

காலை ஆறரை மணிக்குள் மைசூரை விட்டுப் புறப்படுதல் நன்று. பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாகச் செல்க. வெயில் ஏறுமுன் யோக நரசிம்மர் மலையில் ஏறிவிட வேண்டும். படிகள் சில நூறு உண்டு. முழங்கால் வலி உள்ளோர் கீழேயே இருந்து கல்யாணியைப் பார்த்திருக்கலாம். மலைக் குரங்குகள் பையைப் பறிப்பதில் கைதேர்ந்தவை. தேங்காய் பழத்தை வெளியே தெரியக் கொண்டு செல்லாதீர்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவர். அதற்குள் செல்வநாராயணரைத் தரிசிக்க வேண்டும். பின்பு மேல்கோட்டைப் புளியோதரை. அதை நம் வீட்டுப் புளியோதரையோடு ஒப்பிட்டுப் பாட்டி ஏதேனும் குறை சொல்வார், சொல்லட்டும். பங்குனி மாதத்து வைரமுடி விழா நாளில் மட்டும் சிறு குழந்தைகளோடு போகாதீர்கள். மண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து காவலுடன் வரும் அம்முடியைக் காண இரவெல்லாம் பெருங்கூட்டம் நெருக்கும்.

திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் மிஞ்சினால், பாண்டவபுரத்தை அடுத்த தொண்டனூரில் இறங்குக. பரந்த ஏரி, இராமாநுசர் முதலில் தங்கியதாகக் கூறப்படும் ஊர். அவ்வூர்க் கோயில்களில் போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சென்ற முறை நம்முடன் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்பவள், கல்லின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, "இது நம்ம 'ம' தானே?" என்று கேட்டாள். 'ம' தான். அடுத்த எழுத்தை அவள் தேடிக்கொண்டிருக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. கைவிளக்கு ஒன்று கொண்டு செல்க.