மக்காச்சோளக் காட்டு நடுவே ஒரு கூடைப்பந்து ஊர்

சிகாகோவிலிருந்து தெற்கே காரில் கிளம்பினால் சுமார் இரண்டு மணி நேரம். வழியில் காற்றாலைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஆரல்வாய்மொழி ஞாபகம் வந்துவிடும். மலைதான் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். அதைத் தாண்டினால் வாபாஷ் ஆற்றங்கரையில் வெஸ்ட் லஃபாயெட். இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்.

நம் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படிக்கப் போகும் இடமாகத்தான் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்ததும் இங்கேதான். நிலாவுக்குப் போனவராக இல்லாமல், சாதாரண மாணவராக உட்கார்ந்திருக்கும் அவர் சிலையைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் ஊரின் பேச்சு கூடைப்பந்துதான். 1967-ல் திறந்த மேக்கி அரீனா வட்டமான அரங்கம். 14,000 பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பேரும் கத்தும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சைகையில்தான் பேச முடியும்.

இந்த ஊருக்கு ஒரு தனி குணம் உண்டு. அமெரிக்காவில் பள்ளி முடித்த அபாரமான ஆட்டக்காரர்கள் கல்லூரியில் ஒரே வருஷம் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் பறந்துவிடுவார்கள். பெரிய கல்லூரிகள் அவர்களைத்தான் வலை வீசிப் பிடிக்கும். 2005-லிருந்து பர்டியூவின் பயிற்சியாளராக இருக்கும் மேட் பெயின்டர் பெரும்பாலும் அந்தப் பந்தயத்துக்குப் போவதில்லை. மூன்று, நான்கு வருஷம் தங்கி வளரக்கூடிய பையன்களாகப் பார்த்து எடுக்கிறார். தேவைப்பட்டால் முதல் வருஷம் மேட்சே ஆடவிடாமல் பயிற்சி மட்டும் கொடுப்பதும் உண்டு.

ஜாக் ஈடியின் கதை அப்படித்தான். டொரன்டோ பையன், 7 அடி 4 அங்குலம். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். கூடைப்பந்தைத் தொட்டதே பள்ளியின் கடைசி வருஷங்களில்தான். பள்ளி வீரர்களின் தரவரிசையில் முதல் 400 பேரில்கூட அவர் பெயர் இல்லை. 2020-ல் பர்டியூ வந்தார். முதல் சீசனில் மேட்சுக்குச் சராசரி 8.7 புள்ளி. நான்காவது சீசனில் 25.2!

நடுவில் ஒரு பேரிடி. 2023-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஈடிதான். ஆனால் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, ஃபேர்லி டிக்கின்சன் என்ற சின்னக் கல்லூரியிடம் 63-58 என்று தோற்றது பர்டியூ. நாடே சிரித்தது. என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்த ஈடி, கடைசி நாளில் அதை வாபஸ் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார். அதுவும் பணத்துக்காக என்று சொல்ல முடியாது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஆனால் மாணவர் விசாவில் இருந்த கனடாக்காரருக்கு அமெரிக்க மண்ணில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. விசா அருமை தெரிந்த பெற்றோருக்கு இது சட்டென்று புரியும்.

2024-ல் 1969-க்குப் பிறகு முதன்முறையாக பர்டியூ இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஈடி 37 புள்ளி அடித்தும் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றது. கோப்பை வரவில்லை. அந்த ஜூனில் மெம்ஃபிஸ் அணி ஈடியை 9-வது ஆளாக எடுத்துக்கொண்டது.

இப்போது அணி மாறுவது இன்னும் சுலபம். 2025-லிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். யாரும் யாரையும் இழுக்கலாம் என்ற நிலையிலும், 2022-ல் சேர்ந்த பிராடன் ஸ்மித்தும் பிளெட்சர் லாயரும் நான்காவது சீசனுக்கும் இங்கேயே நின்றார்கள். இருவரும் இண்டியானா பையன்கள். பெயின்டரின் வழி எத்தனை நாள் தாங்குமோ, எனக்குச் சந்தேகம்தான். தாங்க வேண்டும் என்று ஆசை.

டிக்கெட் கிடைக்காவிட்டால் டிரிபிள் எக்ஸ் உணவகத்துக்குப் போங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 1929-லிருந்து நடக்கும் குடும்பக் கடை. ரூட் பியர் பிரசித்தம். பழைய பர்டியூ வீரர் ஒருவர் பெயரில் ஒரு பர்கர் இருக்கிறது. இறைச்சியோடு வேர்க்கடலை வெண்ணெயைத் தடவித் தருகிறார்கள்.