மேலெழுதும் முன் நில்லுங்கள்

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவிலும் ஓய்வதில்லை. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே அந்த ஒடுங்கிய மணல் திட்டில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. சற்றுத் தெற்கே காமராஜர் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். கண்ணுக்குத் தெரிவது கிரேனும் புகைபோக்கியும்தான். எந்தக் கண்டெய்னர் எங்கே இருக்கிறது, யாருடையது, சுங்கம் விடுவித்ததா என்று சொல்வது எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் ஓடும் டேட்டாபேஸ். பொன்னேரி, அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் பலர் இன்று அந்த அறைகளில் வேலைக்குச் சேர்கிறீர்கள். அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

டேட்டாபேஸ் விழுந்துவிட்டது, பேக்கப் இமேஜ் கையில் இருக்கிறது, அதே சர்வரில் திரும்ப ஏற்ற வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் அடிக்கடி வரும் வேலை. பார்ப்பதற்கு இதுதான் சுலபமும்கூட. சர்வர் பெயர் அதே, கோப்பு இருக்கும் பாதை அதே, லாகின்கள் அப்படியே. ஏற்றி முடித்தால் அப்ளிகேஷன் எதையும் மாற்றாமல் எழுந்து நிற்கும். வேறு சர்வரில் ஏற்றினால் இதில் ஒவ்வொன்றையும் நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆபத்தும் இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. அதே இடத்தில் ஏற்றும்போது, அங்கே ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதுகிறீர்கள். கெட்டுப்போனது என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பழைய கோப்புகளுக்குள்தான், கடைசி பேக்கப்புக்குப் பிறகு நடந்த வேலை முழுவதும் இருக்கும். பழைய வீட்டை இடித்து அதே மனையில் புது வீடு கட்டுகிறவர் நிலைக்கதவையும் உத்திரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடச் சொல்வார். சர்வர் அறையில் அந்த நிதானம் எப்படியோ காணாமல் போகிறது.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் டேட்டா கோப்பு கெட்டிருந்தாலும், நடந்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் லாக் கோப்பு பல நேரம் நல்ல நிலையில் இருக்கும். அதன் வால் பகுதியை, டெய்ல் லாக் என்போமே, முதலில் பேக்கப் எடுத்துவிட்டால், விழுந்த நிமிடம் வரைக்கும் மீட்க வழி உண்டு. அதை எடுக்காமல் பழைய இமேஜை மேலே ஏற்றப் போனால் மென்பொருளே மறுக்கும். ஆனால் கட்டளையில் 'ரீப்ளேஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த மறுப்பு அடங்கிவிடும். இணையத்தில் தேடிப் பிடித்த கட்டளைகளில் அந்தச் சொல் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். ஆரக்கிளிலும் இதே கதைதான். நடப்பில் இருக்கும் ரீடோ லாக் கோப்புகளின் மேல் பழைய நகலைப் போட்டுவிட்டால், கடைசி நேரப் பரிவர்த்தனைகளை எந்த நிபுணர் வந்தாலும் மீட்க முடியாது. ஆகவே முதல் வேலை, கெட்டதாகத் தெரிவதையும் வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைப்பது. இடமில்லை என்பார்கள், நேரமில்லை என்பார்கள். இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேக்கப் மென்பொருளில் ஒவ்வொரு இமேஜுக்கும் ஆயுள் உண்டு. இரண்டு வாரம் என்று வைத்திருந்தால் பதினைந்தாம் நாள் அது தானாகவே அழியும். நீங்கள் எந்த இமேஜ் நல்லது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, நல்ல இமேஜ் காலாவதியாகிப் போகலாம். சிக்கல் தெரிந்தவுடன் அழிப்பதை நிறுத்தி வையுங்கள். இரவு நேரத் தானியங்கி வேலைகளையும் நிறுத்துங்கள்.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மூல சர்வர் ஒன்று, அதன் பிரதியாக ஓடும் துணை சர்வர் ஒன்று. பிரதி பின்தங்கிவிட்டது. நள்ளிரவை நெருங்கும் வேளையில் அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணை சர்வரின் கோப்புகளை அழிப்பதாக நினைத்து மூல சர்வரின் கோப்புகளை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்திவிட்டார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது நாலரை ஜிபிதான்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கொடுமை. தினமும் எடுப்பதாக நம்பியிருந்த பேக்கப் அங்கே இல்லவே இல்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் வேறு வேறாக இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதையும் மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கப் பதினெட்டு மணி நேரம் போனது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இரவு நேரத்தில், களைப்போடு, தனியாக மூல சர்வரைத் தொடாதீர்கள். சர்வர் பெயரைத் திரையில் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்லட்டும். பெரியவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனம் பொறியாளர் மீது பழி போடாமல், என்ன நடந்தது என்பதை மட்டும் ஒளிவுமறைவின்றி உலகுக்கு எழுதியது. அப்படி ஓர் இடத்தில்தான் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள்.

துறைமுகத்துக்கு வருவோம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசநிரல் மார்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. நம் நாட்டில் நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. தனித்தனி சர்வர்களுக்கு அவர்களிடம் பேக்கப் இருந்தது. யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கண்ட்ரோலர்களுக்கு மட்டும் இல்லை. நூற்றைம்பது இயந்திரங்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருக்கின்றனவே, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் மின்வெட்டால் இணைப்பு அறுந்து கிடந்ததால் தப்பித்தது. அதன் தரவை ஆள்வழியே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் மீட்சியே தொடங்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். பிரதி என்பது பேக்கப் ஆகாது. தப்பையும் அது அப்படியே பிரதியெடுக்கும்.

தாக்குதலில் விழுந்த சர்வராக இருந்தால் நான் மேலே சொன்ன, அதே சர்வரில் ஏற்றும் சுலபமான வழி அடைபட்டது என்று கொள்ளுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் முடக்கப்பட்டபோது, பாதிக்கப்படாத பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் தரவை எடுத்துப் புதிய சர்வர்களில்தான் ஏற்றினார்கள். பழைய சர்வர் சாட்சி. அதை விசாரிப்பவர்கள் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகம் தாக்கப்பட்டபோது பேக்கப்புக்குள்ளேயே வைரஸ் இருந்தது தெரிந்து, அதைச் சுத்தம் செய்யவே நேரம் பிடித்தது.

டேட்டாபேஸைத் திறப்பதிலும் அவசரம் வேண்டாம். முழு இமேஜ், பிறகு இடைப்பட்ட மாற்றங்கள், பிறகு லாக்குகள் வரிசையாக. நடுவில் மேலதிகாரி வந்து நிற்பார், 'இன்னும் வரலையா?' என்பார். அந்த அழுத்தத்தில் 'ரெக்கவரி' கட்டளை கொடுத்துத் திறந்துவிட்டால் மிச்ச லாக்குகளை அதன்மேல் ஏற்ற முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் இரண்டு மணி நேரம் என்றே சொல்லுங்கள். பயத்தில் அரை மணி என்று சொல்லாதீர்கள்.

திறந்த பிறகும் வேலை முடியவில்லை. துறைமுக யார்டில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட எண் உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அது எந்தப் பிளாக்கில், எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் என்பது டேட்டாபேஸில் இருக்கும். நீங்கள் மீட்டது காலை ஆறு மணியின் உண்மை என்றால், இப்போது மணி பத்து. இடையில் கிரேன் நிற்கவில்லை, லாரிகள் நிற்கவில்லை. திரையில் இருக்கும் பெட்டி அங்கே இல்லாமல் போகலாம். கணினியை நம்பி கிரேனை அனுப்பாதீர்கள். யார்டு ஊழியர்களோடு இறங்கி நடந்து, பெட்டி பெட்டியாகச் சரிபாருங்கள். வெயிலில் நடக்கும் அவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். அன்றைக்கு அவர்களிடம் இருக்கும் தாள் குறிப்புகள்தான் உங்கள் கடைசி லாக். எல்லாம் ஒத்துப்போன பின், உடனே ஒரு புதிய முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டிலும் வடசென்னையும் இந்தக் கரையும் சேர்ந்தே அடிபட்டன. காட்டுப்பள்ளி சர்வரின் பேக்கப்பைச் சென்னைக்குள் வைப்பது ஒரே புயலுக்கு இரண்டையும் கொடுப்பது. ஒரு நகலாவது கோவையிலோ ஓசூரிலோ இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், உங்கள் பொறுப்பில் உள்ள டேட்டாபேஸ்களில் முக்கியமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேற்றைய இமேஜை ஒரு தனி இயந்திரத்தில் ஏற்றுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுக்கியது, எந்தக் கடவுச்சொல் யாரிடம் இருந்தது என்று எழுதுங்கள். அந்தத் தாளைச் சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, அடுத்த ஷிப்டில் வரும் புதுப் பிள்ளையை அழைத்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.