மார்கழிக் குளிரும் மைலேஜ் கணக்கும்

காரைக்காலில் குளிரா என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள். விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கினாலே காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வரும் ஊர் இது. இந்தக் குளிருக்கு ஒரு கார் பெட்ரோலை அதிகமாகக் குடிக்குமா என்று நான் ஒரு மாதம் கணக்குப் போட வேண்டி வந்தது.

என் சித்தப்பா ஒரு டிசையர் வைத்து வாடகைக்கு விடுகிறார். ஆறு வருடமாக ஓட்டுவது ஒரே டிரைவர் அண்ணன். 2024 மே மாதம் லிட்டருக்கு 18.4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டிசம்பரில் 14.9 தான் கொடுத்தது. மாதம் 1800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 23 லிட்டர் வித்தியாசம். எங்கள் ஊரில் பெட்ரோல் தமிழ்நாட்டு விலையைவிடச் சில ரூபாய் குறைவு, புதுச்சேரியில் வரி குறைவு என்பதால். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வண்டிகள் எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் 23 லிட்டர் காணோம் என்றால் சந்தேகம் எங்கே போகும்?

"நீதான் பி.காம் படிக்கிறியே, கணக்கப் பாத்துச் சொல்லு. தை முடியட்டும், அப்புறம் வேற ஆளு பாக்குறேன்" என்றார் சித்தப்பா. அண்ணனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "காலையில எஞ்சின் ஜில்லுனு கெடக்கு தம்பி, அதான் குடிக்குது" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மனிதர்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சூடாகும் வரை கலவையில் பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். அமெரிக்க அரசின் எரிபொருள் கணக்குப்படி, மைனஸ் 7 டிகிரியில் சாதாரண பெட்ரோல் கார் நகருக்குள் ஓடினால் 25 டிகிரியில் கொடுப்பதைவிட 15 சதவீதம் மைலேஜ் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் குட்டிப் பயணம் என்றால் 24 சதவீதம் வரைகூட.

ஆனால் காரைக்கால் மைனஸ் 7 இல்லையே! எஞ்சின் சரியாக வேலை செய்ய அதன் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரிக்கு வர வேண்டும். மே மாதக் காலையில் 28 டிகிரியிலிருந்து 62 டிகிரி ஏறினால் போதும், மார்கழியில் 68. அந்த ஆறு டிகிரி 19 சதவீதத்தைத் தின்றுவிடாது. எத்தனால் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாமா என்றும் பார்த்தேன். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பு ஐந்து சதவீதம் கூடியிருந்தால்கூட இழப்பு இரண்டு சதவீதத்தைத் தொடாது. குளிரில் டயர் காற்று குறையும் என்பதும் அப்படித்தான். ஐந்தரை டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ., அவ்வளவுதான்.

பிரான்சில் இருக்கும் பெரியம்மா மகனிடம் போனில் கேட்டேன். (எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பிரான்சில் இருப்பார், 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்.) அங்கே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதில்லை, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பார்களாம். செலவுக் கணக்குக்கு அதுதான் வசதி. நம் வண்டி மே மாதம் 5.4, டிசம்பரில் 6.7. "குளிர விடு, ஒரு தடவ கெளப்புனா எவ்ளோ தூரம் போகுதுன்னு பாரு" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது.

2025 ஜனவரியில் ஆரம்பித்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப். துப்பாக்கி தானாக நிற்கிற வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்வேன். அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தேன். 'ஐநூறுக்குப் போடு' என்று போட்டால் இந்தக் கணக்கு வரவே வராது. கூடவே டிரிப் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு டேங்க், திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு தடவை போய்வந்தது. 600 கிலோமீட்டர், 33.5 லிட்டர். அதாவது 17.9. இன்னொரு டேங்க் முழுக்க உள்ளூர்ச் சவாரி, 412 கிலோமீட்டருக்கு 29 லிட்டர். 14.2. அதே ஜனவரி, அதே குளிர், அதே டிரைவர்.

மே மாதச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் விடுமுறைச் சவாரிகள்: சென்னை, திருச்சி, மதுரை. டிசம்பரில் சபரிமலைக் கூட்டத்தை வேன்காரர்கள் அள்ளிக்கொள்ள, நமக்குக் கிடைப்பது ஸ்டேஷனில் விடியற்காலை இறங்கி சனீஸ்வரனைப் பார்க்க வருபவர்கள்தான். திருநள்ளாறு ஐந்தாறு கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் கோயில் வந்துவிடும். அங்கே இரண்டு மணி நேரம் நின்றால் திரும்ப ஆறிப்போகும். மழை நாளில் கண்ணாடி உள்ளே பனி பூத்துக்கொள்ளும் என்று ஏசி வேறு. வயதானவர்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தால் எஞ்சினையும் அணைக்க முடியாது. ஏசியோடு நின்றபடி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் யூசேஜ் வேரியன்ஸ் என்று ஒன்று படிக்கிறோம். தர அளவைவிடப் பொருள் அதிகம் செலவானால் வருவது. பரீட்சைக்கு ஃபார்முலா மனப்பாடம் செய்கிறோம், ஆனால் அந்தத் தர அளவு எந்த வேலைக்கு வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. சித்தப்பா சென்னைச் சவாரிக்கான அளவுகோலை எடுத்துத் திருநள்ளாறுச் சவாரியை அளந்திருந்தார்.

நோட்டைக் காட்டினேன். அரை மணி நேரம் புரட்டினார். "அப்ப உள்ளூர் சவாரிக்கு நாமதான் வாடக கம்மியா வாங்குறோம்" என்றார். வியாபாரி வியாபாரிதான் :-)

வேறு ஆள் தேடும் பேச்சு நின்றது. அண்ணனிடம் சித்தப்பா இதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. டிரிப் சீட்டில் மட்டும் புதிதாக ஒரு கட்டம்: 'எஞ்சின் ஓடியபடி நின்ற நேரம்'. அண்ணன் அதை நிமிடம் விடாமல் நிரப்புகிறார், பென்சிலில் இல்லை, பேனாவில்.