ரிசல்ட்: வெற்றி

ரெக்கார்ட் நோட்டு திருத்துகிறவர்கள் கடைசி வரியைப் படிக்க மாட்டார்கள். புரோகிராம் வெற்றிகரமாக இயங்கியது, அவுட்புட் சரிபார்க்கப்பட்டது. எல்லா நோட்டிலும், எல்லாப் பயிற்சிக்கும் கீழே இதே ஆங்கில வாக்கியம்தான். முதலில் எழுதிய புண்ணியவான் யாரோ!

போன வாரம் ஒரு நோட்டில் அந்த வரிக்கு மேலே பைத்தானின் 'ஜீரோ டிவிஷன் எரர்' ஒட்டியிருந்தது. நியூட்டன்-ராப்சன் முறையில் 2-இன் வர்க்கமூலம் காணும் கணக்கு. பையன் ஆரம்ப மதிப்பாகச் சைபரைக் கொடுத்திருக்கிறான். அங்கே சாய்வும் சைபர். சைபரால் வகுக்கச் சொன்னதும் கணினி திட்டிவிட்டு நின்றுவிட்டது. அந்தத் திட்டை அச்செடுத்து, அளவாக வெட்டி, பசை தடவி ஒட்டி, கீழே வெற்றி என்று எழுதி வைத்திருக்கிறான்.

"என்னப்பா இது?"

"சைபர்ல தொடுகோடு படுத்துக்குது சார். எக்ஸ் அச்சை எங்கயும் வெட்டாது. அது எரர்னு சரியாத்தானே சொல்லுது?"

அவுட்புட்டுக்கான மதிப்பெண்ணை முழுதாகப் போட்டேன். மற்றவர்கள் 1.4142135623730951 என்று கை வலிக்க எழுதியிருந்தார்கள். உண்மையில் அந்தக் கடைசி 1 இருக்கிற இடத்தில் 0 வர வேண்டும். முடிவில்லாத எண்ணை 64 பிட்டுக்குள் அடைக்க இயந்திரம் செய்த சமாளிப்பு அது. அதையும் பக்தி சிரத்தையாகப் படியெடுத்திருந்தார்கள்.

பார்த்து எழுதுவதைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் புலம்பல் கிளம்பினால் எனக்கு யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு களிமண் பலகைதான் ஞாபகம் வரும். ஒய்.பி.சி. 7289 என்பது அதன் பட்டியல் எண். உள்ளங்கையில் அடங்குகிற உருண்டைச் சில்லு, கி.மு. 1800-1600 வாக்கில் பாபிலோனியாவில் எழுதப்பட்டது. இந்த வடிவப் பலகைகள் பெரும்பாலும் மாணவர்களின் ரஃப் நோட்டு. ஒரு சதுரம், குறுக்கே இரண்டு மூலைவிட்டங்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தின் மீது 30. மூலைவிட்டத்தில் 1, 24, 51, 10. அதற்குக் கீழே 42, 25, 35. எல்லாம் அறுபதை அடிமானமாகக் கொண்ட எண்கள். நடு எண்ணைத் தசமத்துக்கு மாற்றினால் 1.41421296 வருகிறது. 2-இன் வர்க்கமூலம்! பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.

பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். பிளக்கட்டும். ஆனால் அந்தப் பலகையை எழுதிய பையன் அதைத் தானே கண்டுபிடித்திருக்க மாட்டான். அந்தக் காலத்தில் மாறிலிகளின் பட்டியல்கள் உண்டு. இன்னொரு பலகையில் இதே எண் பட்டியலோடு பட்டியலாக உட்கார்ந்திருக்கிறது. பார்த்து எழுதியிருப்பான். அவன் பங்குக்குச் செய்தது 30-ஆல் பெருக்கியது மட்டும். அறுபது அடிமானத்தில் 30-ஆல் பெருக்குவதென்றால் பாதியாக்கி, இடம் ஒன்று தள்ளி வாசிப்பது. நாம் 5-ஆல் பெருக்கப் பாதியாக்கிச் சைபர் சேர்ப்போமே, அந்த வித்தை. 1, 24, 51, 10-ஐப் பாதியாக்கினால் 42, 25, 35. முடிந்தது வேலை. பக்கம் 37 என்று கொடுத்திருந்தால் வகுப்பே அழுதிருக்கும். 30 கொடுத்த அந்த வாத்தியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கும் திருத்த ஒரு கூடை இருந்திருக்கும்.

பாபிலோனிய நகரமான நிப்பூரில் அகழ்வாளர்கள் 'எஃப் வீடு' என்று பெயரிட்ட பள்ளிக்கூடத்தில், எழுதி முடித்த பயிற்சிப் பலகைகளைத் தரையிலும் சுவரிலும் கட்டுமானச் சாமானாகப் போட்டிருக்கிறார்கள். பழைய பலகைகளை நனைத்துப் பிசைந்து புதுசாக்க அங்கேயே தொட்டியும் இருந்தது. புத்திசாலிகள். எங்கள் நோட்டுகளை எடைக்குப் போட வேண்டுமென்றால் ஆய்வுக் குழு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதுவரை லேபில் ஆடுகிற பெஞ்சு ஒன்றின் காலுக்கடியில் போன வருடத்துக் கட்டு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ரங்கே-குட்டா முறைக் கணக்குகள், நான்காம் வரிசை. திருத்தியவன் சொல்கிறேன், கனமான சரக்கு.